வெட்டிய இரும்பை ஒட்ட ஏலாது: லேத் பட்டறையைத் தெரிவு செய்வது எப்படி?

செட்டிபாளையத்தில் என் சின்னம்மாவிடம் ஒரு லான்ட்மாஸ்டர் இருக்கிறது. யுத்தம் கிழக்கில் முடிந்த பிறகு வாழ்வாதார உதவியாகக் கிடைத்த இரு சில்லு உழவு இயந்திரம். சித்தப்பா 1990இல் காணாமல் போனவர். இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து எடுத்ததில் பாதி அந்த இயந்திரத்தின் உழைப்பு. பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும் காலத்தில் தம்பி அதைக் குருக்கள்மடம் பாதையில் ஏற்றி அம்பிளாந்துறைக்குக் கொண்டு போவான். படுவான்கரையில் ஏக்கர் கணக்கில் கூலிக்கு உழுதுவிட்டு மாலையில் திரும்புவான்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு ஐப்பசியில் றேடியேற்றரில் கசிவு ஏற்பட்டு எஞ்சின் சூடாகிவிட்டது. ஹெட் கஸ்கட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், மட்டம் இல்லை, லேத்தில் கொடுத்து ஸ்கிம் பண்ணிக்கொண்டு வாருங்கள் என்றார். தம்பி அருகில் எங்கே குறைந்த விலைக்குச் செய்வார்கள் என்று விசாரித்து ஒரு பட்டறையில் கொடுத்தான். அடுத்த நாளே வேலை முடிந்தது. ஹெட்டின் முகம் கண்ணாடி போல மினுங்கியது. பூட்டி ஸ்டார்ட் பண்ணியபோது உள்ளே இரும்பு இரும்பில் அடிக்கும் சத்தம் கேட்டது. நிற்பாட்டுவதற்குள் வால்வு வளைந்து, பிஸ்டனின் தலையும் காயப்பட்டுவிட்டது.

பிறகு இன்னொரு பட்டறையில் அந்த ஹெட்டை நான்கு மூலைகளிலும் மைக்ரோமீற்றரால் அளந்தார்கள். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் வித்தியாசம். லேத்தில் சரிவாகப் பிடித்துவிட்டு, முழு முகமும் சுத்தமாகும் வரை வெட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். அந்த ஹெட் இனி உதவாது. அங்கிருந்த வயதான பாஸ் சின்னம்மாவின் மகனிடம் சொன்னது எனக்கு இப்போதும் ஞாபகம்: "மனே, வெட்டின இரும்பை ஒட்ட ஏலாது. கொடுக்க முதல்ல கேட்டிருக்கணும்."

என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. நான் ஊடகக் கற்கை படித்தவள், இயந்திரவியல் படித்தவள் அல்ல. அந்தப் போகம் கைவிட்டுப் போன பிறகு பட்டறைகளில் நின்று, பாஸ்மாரிடம் கேட்டு, எஞ்சின் கையேடுகளைப் புரட்டி அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஏன் இது சிறிய விடயம் அல்ல

வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் எழுவான்கரைக் கிராமங்களில் பெரும்பாலான வருமானம் சிறிய எஞ்சின்களில் தங்கியிருக்கிறது. களுதாவளை, தேற்றாத்தீவு மணல் நிலத்தில் கத்தரியும் மிளகாயும் வெற்றிலையும் நீர் இறைக்கும் இயந்திரத்தை நம்பியிருக்கின்றன. கடலுக்குப் போகும் படகுகளுக்கு வெளியிணைப்பு எஞ்சின். வீதியில் ஓட்டோ. அக்கரையில் உழவு இயந்திரமும் அரிசி ஆலையும்.

யுத்த காலத்தில் படுவான்கரைக்கு எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் கொண்டு போவதற்கே கட்டுப்பாடுகள் இருந்தன. உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் கையில் இருப்பதை வெட்டி, ஒட்டி, தீட்டிப் பாவித்துத்தான் எங்கள் பெரியவர்கள் இயந்திரங்களை ஓட்டினார்கள். அந்தத் திறமை பெரியது. அதன் கூடவே 'எப்படியாவது ஓடினால் போதும்' என்ற பழக்கமும் வந்து சேர்ந்தது. இன்று 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தின் வழியாக லொறிகள் கொக்கட்டிச்சோலைக்குப் போகின்றன; உதிரிப்பாகமும் கிடைக்கிறது. ஆனால் விலை எட்டாத இடத்தில் இருக்கிறது. பொருளாதார நெருக்கடி ஏற்பட்ட 2022க்குப் பிறகு புதிய ஹெட் வாங்குவதை விடப் பழையதைச் சீர்செய்வதுதான் பலருக்கு ஒரே வழி. அதனால் லேத் பட்டறைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. தவறாக வெட்டப்பட்ட ஒரு பாகத்தின் விலையும் கூடியிருக்கிறது.

கணவரை இழந்தோ, காணாமல் போகக் கொடுத்தோ குடும்பத்தை நடத்தும் பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டறையில் அவர்களிடம் யாரும் விளக்கம் சொல்வதில்லை. "வீட்டில ஆம்பிள யாரும் இல்லையா?" என்ற கேள்விதான் முதலில் வரும். என்ன வேலை நடக்கப் போகிறது என்று தெரிந்து கொண்டு போனால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் பேசலாம்.

ஸ்கிம் என்றால் என்ன?

எஞ்சின் புளொக்கும் ஹெட்டும் ஒன்றின் மேல் ஒன்று அமரும். இடையில் கஸ்கட். ஹெட்டின் முகம் மட்டமாக இருந்தால்தான் கஸ்கட் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நசிந்து காற்றையும் தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்து வைக்கும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளையும். அலுமினிய ஹெட் இலகுவில் வளையும். வார்ப்பிரும்பு ஹெட் வளைவதை விட வெடிப்பதற்கே அதிகம் பார்க்கும்.

பல எஞ்சின் கையேடுகள் அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கிறது. எமது தலைமயிரின் தடிப்பை விடக் கொஞ்சம் குறைவு. அப்பியாசக் கொப்பித் தாளின் தடிப்பில் ஏறக்குறைய பாதி. கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ இதைச் சொல்ல முடியாது. நேர் விளிம்புள்ள உருக்குச் சட்டத்தை முகத்தின் மேல் வைத்து, அடியில் பீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று நீளவாக்கிலும் குறுக்கிலும் இரண்டு மூலைவிட்டங்களிலும் பார்க்க வேண்டும். 'மட்டம் இல்லை' என்று சொல்லும் மெக்கானிக்கிடம், எத்தனை என்று கேட்பது முதல் கேள்வி. அளக்காமல் சொல்லியிருந்தால் ஸ்கிம் தேவையா என்பதே தெரியாது.

ஸ்கிம் பண்ணும்போது அந்த முகத்தில் இருந்து மெல்லிய படையொன்று சீவி எடுக்கப்படுகிறது. எவ்வளவு குறைவாக எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. காரணம், ஹெட் மெலியும்போது இரண்டு விடயங்கள் மாறும். எரியும் அறையின் கொள்ளளவு குறைந்து அமுக்கம் கூடும். வால்வின் முகம் பிஸ்டனுக்குக் கிட்ட வரும். டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே விடப்பட்டிருக்கும் இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். அதில் அரை மில்லிமீற்றரை இழந்தால் என்ன நடக்கும் என்பதைச் சின்னம்மா வீட்டில் கண்டோம்.

வெட்டும் முன் ஒரு சோதனை

சூடாகி நின்ற எஞ்சினின் ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம், குறிப்பாக இரண்டு வால்வுகளுக்கும் நடுவில். வெடித்த ஹெட்டை மட்டமாக்குவதில் பயன் இல்லை. மறுபடியும் தண்ணீர் கசியும். நிறம் ஊறும் திரவத்தைப் பூசிப் பார்க்கலாம். அல்லது தண்ணீர் ஓடும் துவாரங்களை அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, நீருக்குள் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். நல்ல பட்டறை இதை முதலில் செய்யும், அல்லது செய்துகொண்டு வரச் சொல்லும். வெடிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் ஹெட்டை வாங்கி வைக்கும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள்.

எந்த இயந்திரத்தில் வெட்டுவார்கள்?

இதை நேரடியாகக் கேட்கலாம். பொதுவாக நான்கு முறைகள் உண்டு.

முதலாவது, கண்ணாடி மேல் எமறித் தாள் வைத்துக் கையால் தேய்ப்பது. சிறிய பெற்றோல் எஞ்சினின் ஹெட்டில் மிகச் சிறிய வளைவுக்கு இது போதும். பெரிய வளைவுக்குச் சரிவராது.

இரண்டாவது, லேத். ஹெட்டைச் சுழல விட்டு முகத்தைச் சீவுவார்கள். ஒற்றைச் சிலிண்டர் ஹெட்டை இப்படிச் செய்யலாம், தவறில்லை. ஆனால் பிடிக்கும் விதம்தான் எல்லாம். பிடித்த பிறகு டயல் கேஜ் வைத்து, முகம் எந்தப் பக்கம் எத்தனை ஏறி இறங்குகிறது என்று பார்த்துச் சரிசெய்த பிறகே வெட்ட வேண்டும். எங்கள் ஹெட் கெட்டது இந்த ஒரு படியைத் தவிர்த்ததால்.

மூன்றாவது, மில்லிங் இயந்திரம். பாகம் மேசையில் அசையாமல் இருக்க, மேலே கத்தி சுழலும். இரண்டு, மூன்று, நான்கு சிலிண்டர் ஹெட்டுகளுக்கு இது பொருத்தம். இங்கேயும் இரண்டு ஆபத்துகள். கத்தி பிடித்திருக்கும் தலை மேசைக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் வெட்டிய முகம் நடுவில் மெல்லியதாகக் குழியும். மற்றது, வளைந்த ஹெட்டை மேசையோடு இறுக்கி அமுக்கிப் பூட்டினால் அந்த நேரம் மட்டும் நேராகி நிற்கும். வெட்டி முடித்துக் கழற்றியதும் பழையபடி வளைந்துவிடும். அனுபவசாலிகள் இடைவெளி உள்ள இடத்தில் மெல்லிய தகடு வைத்து, அமுங்காமல் பிடிப்பார்கள்.

நான்காவது, சாணைக்கல் சுழலும் கிரைண்டிங் இயந்திரம். டீசல் ஹெட் சிலவற்றில் எரியும் அறையின் வாயில் கடினமான உருக்குத் துண்டொன்று பதிந்திருக்கும். சாதாரணக் கத்தி அதில் பட்டால் துள்ளும், மேடு விடும். அப்படியான ஹெட்டுக்குச் சாணை பாதுகாப்பானது.

எங்கள் பக்கத்தில் எல்லா இயந்திரமும் எல்லாப் பட்டறையிலும் இல்லை. வடக்கே மட்டக்களப்பு நகருக்கோ தெற்கே கல்முனைக்கோ போக வேண்டி வரலாம். சில இடங்களில் பாகத்தை வாங்கி வைத்துவிட்டு வேறு பட்டறைக்கு அனுப்புவார்கள். அது குற்றமில்லை. ஆனால் யார் வெட்டுகிறார், பிழைத்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

பட்டறைக்குள் கண்ணால் பார்க்கக் கூடியவை

இரும்புத் துகள் கிடப்பது வேலை நடக்கும் இடத்தின் அடையாளம். அதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். அளக்கும் கருவிகளைப் பாருங்கள். மைக்ரோமீற்றரும் டயல் கேஜும் பெட்டியில் துணி சுற்றி இருக்கின்றனவா, அல்லது சுத்தியலோடு ஒரே தட்டில் கிடக்கின்றனவா? கருவியைப் பேணுகிறவர் அதைப் பாவிக்கிறவர்.

உங்கள் பாகத்தை வாங்கியதும் பாஸ் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அளக்கிறாரா? கையேட்டு அளவு என்ன, எஞ்சின் மொடல் எது, முன்பு ஸ்கிம் பண்ணியதா என்று கேட்கிறாரா? "வைச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க" என்பதோடு பேச்சு முடிகிறதா? கேள்வி கேட்கிற பாஸ் வேலை தெரியாதவர் என்று நாங்கள் நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் மறுதலைதான் உண்மை. "இந்த எஞ்சின் நான் செய்ததில்லை, இன்ன இடத்துக்குக் கொண்டு போங்க" என்று சொல்கிறவரை மறக்க வேண்டாம். அடுத்த வேலைக்கு அவரிடமே போகலாம்.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

ஒன்று: வெட்ட முன் வளைவு எத்தனை? வெட்டிய பின் எத்தனை என்று அளந்து காட்டுவீர்களா?

இரண்டு: ஆகக் கூடியது எத்தனை மில்லிமீற்றர் எடுப்பீர்கள்? அதைத் தாண்ட வேண்டி வந்தால் வெட்டாமல் எனக்கு அழைப்பு எடுப்பீர்களா?

மூன்று: வால்வு ஹெட் முகத்தில் இருந்து எத்தனை உள்ளே இருக்கிறது என்று வெட்டிய பின் அளப்பீர்களா? குறைந்திருந்தால் வால்வு இருக்கையை வெட்டிச் சரிசெய்வீர்களா, தடித்த கஸ்கட் போடச் சொல்வீர்களா?

நான்கு: இதே எஞ்சினை முன்பு செய்திருக்கிறீர்களா? யாருக்கு?

ஐந்து: பிழைத்தால் என்ன செய்வீர்கள்? கூலியை மட்டும் திருப்பித் தருவீர்களா, பாகத்துக்கும் பொறுப்பா?

ஆறு: எப்போது தருவீர்கள்? உழவு தொடங்கிய பிறகு அவசரத்தில் கொடுத்தால் அவசரத்தில்தான் வெட்டுவார்கள். முடிந்தால் புரட்டாதிக்கு முன்பே எஞ்சினைப் பார்த்துவிடுங்கள்.

அளவைச் சொல்லும்போது அலகையும் சொல்ல வேண்டும். பழைய பாஸ்மார் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை 'தவ்' என்பார்கள். ஒரு தவ் என்பது 0.025 மில்லிமீற்றர் அளவு. 'பத்து' என்று ஒருவர் சொன்னால் அது பத்துத் தவ்வா, மில்லிமீற்றரில் நூறில் பத்தா என்று கேளுங்கள். முதலாவது 0.25 மில்லிமீற்றர், இரண்டாவது 0.10. வித்தியாசம் இரண்டரை மடங்கு.

சிலிண்டர் போரிங் என்றால்

ஓட்டோ, மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் அதிகம் செய்விப்பது இதுதான். தேய்ந்த சிலிண்டரை ஒரு அளவு அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. ஓவர் சைஸ் பிஸ்டன்கள் வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்ற படிகளில் வருகின்றன.

இதில் முதல் விதி: பிஸ்டனை முதலில் வாங்குங்கள், சிலிண்டரோடு சேர்த்துக் கொடுங்கள். எழுதியிருக்கும் அளவை நம்பி வெட்டக் கூடாது. கையில் உள்ள பிஸ்டனை அளந்து, அதற்கும் சுவருக்கும் கையேடு சொல்லும் இடைவெளியை விட்டு வெட்ட வேண்டும். இறுகினால் சூட்டில் பிஸ்டன் பிடிக்கும். தளர்ந்தால் சத்தம் வரும், எண்ணெய் குடிக்கும். வெட்டிய பின் ஹோனிங் செய்து, சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் விட வேண்டும். அந்தக் கோடுகள்தான் எண்ணெயைப் பிடித்து வைப்பவை. கண்ணாடி போல மினுங்கும் சிலிண்டர் நல்ல சிலிண்டர் அல்ல.

திரும்பப் பெற்ற எந்தப் பாகத்தையும் பூட்ட முன் கழுவ வேண்டும். எண்ணெய், தண்ணீர் ஓடும் துவாரங்களில் ஒரு துகள் தங்கினாலும் புதிய பெயாரிங்கை அது தின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை

அமெரிக்கா போன்ற நாடுகளில் கைத்துப்பாக்கியின் மேற்பாகத்தைக் குறிபார்க்கும் கண்ணாடி பொருத்துவதற்காக மில்லிங் செய்யக் கொடுப்பது சாதாரண வேலை. அங்கும் உரிமையாளர்கள் கேட்பது இதே கேள்விகள்தான்: எத்தனை ஆழம், யார் வெட்டுவது, பிழைத்தால் யார் பொறுப்பு. இங்கே நிலைமை வேறு. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. யானைக்கும் பன்றிக்கும் பயந்து வைத்திருக்கும் துப்பாக்கியானாலும் அதன் எந்தப் பாகத்தையும் லேத்துக்குக் கொண்டு போகாதீர்கள்; உரிமம் வழங்கும் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். ஒரு பட்டறைக்காரரைச் சந்தேகத்தில் தள்ள அது ஒன்றே போதும். சந்தேகத்தின் விலை என்ன என்பதை எங்கள் ஊரில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

எழுத்தில் இருக்கட்டும்

பாகத்தைக் கொடுக்கும்போது தொலைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பற்றுச்சீட்டில் திகதி, எஞ்சின் மொடல், செய்ய வேண்டிய வேலை, எடுக்கக் கூடிய ஆகக் கூடிய அளவு, கூலி ஆகியவற்றை எழுதுவியுங்கள். அச்சிட்ட சீட்டு இல்லாவிட்டால் கொப்பித் தாள் போதும். கையெழுத்து இருக்க வேண்டும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். சேவைகளுக்கும் அது பொருந்தும். முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். சிறிய தொகைத் தகராறுகளுக்கு மத்தியஸ்த சபையும் இருக்கிறது; சட்டத்தரணி இல்லாமல் பேசலாம். ஆனால் இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது 'சீட்டு இருக்கா?' என்பதுதான். எங்களிடம் இருக்கவில்லை.

பட்டறைக்காரரின் பக்கம்

பிழையை எல்லாம் பட்டறைகளின் தலையில் கட்டவும் முடியாது. எங்கள் பக்கத்தில் நல்ல பாஸ்மார் பலர் இடம்பெயர்வுகளுக்கு இடையில், பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு, இன்னொருவரின் காலடியில் நின்று தொழில் பழகியவர்கள். கையில் வித்தை இருக்கிறது, சான்றிதழ் இல்லை. அவர்களுக்காகவே தேசிய தொழிற்தகைமை முறையில் முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி ஒன்று உண்டு. பாடநெறி படிக்காமலே, செய்த வேலையைக் காட்டி, மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வி.கியூ சான்றிதழ் பெறலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்தில் விசாரிக்கலாம். பத்திரம் இருந்தால்தான் நல்ல பாஸ் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பத்திரம் இருந்தால் வங்கிக் கடன் கேட்கவும் வெளிநாட்டு வேலைக்குப் போகவும் அவருக்கே உதவும்.

கூலியிலும் நியாயம் வேண்டும். டயல் கேஜ் வைத்து ஒரு மணித்தியாலம் மட்டம் பார்க்கிறவர், பார்க்காமல் பத்து நிமிடத்தில் வெட்டுகிறவரின் விலைக்குச் செய்ய முடியாது. சின்னம்மா முதல் பட்டறையில் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். பாவித்த ஹெட், புதிய வால்வு, பிஸ்டன் வாங்க அடகு வைத்தது அவவின் கழுத்துச் சங்கிலி. அது திரும்பி வர இரண்டு போகம் எடுத்தது.

போன வருடம் நீர் இறைக்கும் இயந்திரத்தின் சிலிண்டர் தேய்ந்தபோது சின்னம்மா தானே பஸ் ஏறிப் போனா. பையில் சிலிண்டர், புதிய பிஸ்டன், ஒரு அப்பியாசக் கொப்பி. அந்த வயதான பாஸ் பிஸ்டனை அளந்து சொன்ன இலக்கத்தைக் கொப்பியில் எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தா. "இவ்வளவு காலமும் என்னிட்ட ஒருத்தரும் கையெழுத்துக் கேட்டதில்ல" என்று பாஸ் சிரித்தாராம். ஆனால் போட்டுக் கொடுத்திருக்கிறார்.